எதிர்த்திசையில் ஓடும் பெரிய சகலைக்கு

மதிப்பும் மரியாதையும் நிறைந்த பெரிய சகலை அவர்கள் சமூகத்துக்கு, குஷன் கடை சின்ன சகலை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, என் தையல் மெஷின் மூவரும் சுகம். என் இடது கணுக்கால் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் பத்தொன்பது நாளாக நான் போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. முப்பத்துநாலு வருஷமாகக் குடிநீர் அலுவலகத்துக்கு வந்த மனுக்களை என்ன செய்தீர்களோ அதையேதான் என் செய்திகளுக்கும் செய்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். ஆகவேதான் கடிதம். பேனா பிடித்து ரொம்ப நாளாகிறது, ரெக்ஸினில் கோடு போடுகிற சாக்பீஸ்தான் என் கைக்குப் பழக்கம். எழுத்து கோணலாகத் தெரிந்தால் தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொள்ளவும்.

நடந்ததற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் உங்கள் வீட்டு முகவரியைத்தான் கொடுப்பேன். ஏழு மாதத்துக்கு முன்னால் நான் பாட்டுக்கு ஆறு மணிக்குக் கடையை மூடி, ஆறு அஞ்சுக்கு பாரில் மூலை மேசையில் உட்கார்ந்து, வெல்டரோடும் பஞ்சர் ஒட்டுகிறவனோடும் உலக நிலவரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்கள் ஒரு நாள் விடியற்காலை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றீர்கள். அலுவலகத்துக்குக் கழுத்துப் பட்டன்கூடத் திறக்காமல் போகிற மனுஷனின் முழங்காலை முதன்முதலாகப் பார்த்த அதிர்ச்சியிலேயே முந்தின நாள் போதை எனக்குப் பாதி இறங்கிவிட்டது. "வாங்க சகலை, குளத்தைச் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு" என்றீர்கள். குளத்துப் பூங்காவில் இரண்டாவது விளக்குக் கம்பம் வரைக்கும் வந்தேன். அதற்குமேல் எனக்குள் இருந்த நேற்றைய பீர், "நீ முன்னாடி போ, நான் பின்னாடி வர்றேன்" என்று உட்கார்ந்துவிட்டது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவனிடம் நீங்கள் சொன்னீர்கள்: "ரெண்டு பாட்டிலையும் உள்ள வச்சுக்கிட்டு ஓடறீங்க சகலை. அதுங்களுக்கும் சேர்த்து நீங்கதான் மூச்சு வாங்கணும்." இப்படி அறிவாகப் பேசத் தெரிந்த ஒருவர் முப்பத்துநாலு வருஷம் மீட்டரோடு பேசி வீணாகிப் போனாரே என்று எனக்கு அன்று வருத்தமாக இருந்தது.

அதோடு விட்டீர்களா. உங்கள் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினீர்கள். அது மணி பார்க்கிற கடிகாரமா, வேவு பார்க்கிற கடிகாரமா என்று தெரியாமல் நானும் கட்டிக்கொண்டு தூங்கினேன். காலையில் பார்த்தால், நான் தூங்கியபோது என் நெஞ்சு எத்தனை தடவை அடித்தது, நான் எத்தனை தடவை புரண்டேன், உடம்பு ஓய்வெடுத்ததா இல்லையா என்று ஒரு குற்றப்பத்திரிகையே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு பாட்டில் போட்ட மறுநாள் ஒரு எண், போடாத மறுநாள் ஒரு எண். பொய் சொல்லி ஏமாற்றலாம் என்றால் அதற்குக் காது இல்லை. என் வீட்டுக்காரி பதினெட்டு வருஷம் தொண்டை கிழியச் சொல்லியும் நான் கேட்காததை, தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்தச் சாமான் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று வாரத்தில் கேட்க வைத்துவிட்டது. இதில் அவளுக்குச் சந்தோஷமா, அவமானமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தினமும் என்பது சனிக்கிழமை மட்டும் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமைதான் நாம் நீளமாக ஓடுகிற நாள் என்பதால் சனிக்கிழமையும் போயிற்று. வாரத்தில் ஏழு நாளும் போன பிறகு எட்டாவது நாள் ஏதாவது இருக்கிறதா என்று காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன்.

அப்புறம்தான் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தீர்கள். பீரேதான், ஆனால் ஆல்கஹால் இல்லாத பீர், ஜீரோ என்றீர்கள். "பல்லில்லாத நாயைக் காவலுக்குக் கட்டின கதையா இருக்கே சகலை" என்று நான் சொன்னதற்கு, "குடிச்சிட்டுப் பேசுங்க" என்றீர்கள். பத்து கிலோமீட்டர் ஓடி, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். கசப்பு இருந்தது, நுரை இருந்தது, தொண்டையில் இறங்கும்போது அந்தச் சுருக்கென்ற குத்தலும் இருந்தது. எல்லாவற்றையும்விட, மறுநாள் காலை என்று ஒன்று இருந்தது. இருபது வருஷமாக நான் குடித்தது போதைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூடி திறக்கிற அந்தச் சத்தமும், ஒரு நாள் வேலை முடிந்து கால் நீட்டுகிற நேரமும்தான் எனக்கு வேண்டியிருந்தது என்று அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என் வீட்டு ஃபிரிட்ஜில் ஜீரோ பீர் ஒரு தட்டு, வீட்டுக்காரி இஞ்சி தட்டிப்போட்டு எலுமிச்சை பிழிந்து வைக்கிற சோடா ஒரு தட்டு என்று ராஜபோகம்தான். வெல்டர் கேள்விப்பட்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஸ்டாண்டுலயே ஓட்டறவன்டா நீ" என்றான். "ஸ்டாண்டுல ஓட்டினா எவன் மேலயும் மோத மாட்டேன்ல" என்றேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் பிரிவுபசார விழாவுக்கு வரும்வரைக்கும்.

அன்று சாயங்காலம் உங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள உணவகத்து மாடியில் என்னைப் பேசச் சொன்னது யார்? நீங்கள்தான். "எங்க சின்ன சகலை பேசினாத்தான் கூட்டம் களைகட்டும்" என்று கைதட்டி எழுப்பிவிட்டீர்கள். நானும் கையில் பாட்டிலோடு எழுந்தேன். நான் வாயைத் திறந்தால் ஜனங்கள் சிரிப்பதும், மறுநாள் மறந்துவிடுவதும் இருபது வருஷத்து ஏற்பாடு. மாமனாரின் வழுக்கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், உங்கள் குறட்டையை நடித்துக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பது ஊருக்குப் பழமொழி, எனக்கு அது லைசென்ஸ். அந்த லைசென்ஸ் காலாவதியாகி ஐந்து மாதமாகிறது என்பது எழுந்து நின்ற எனக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

என்ன சொன்னேன்? பெரிய சகலை மேசையில் ஃபைல் நகர்ந்தால் அது ஃபேன் காற்றில் நகர்ந்ததாக இருக்கும் என்றேன். ஒவ்வொரு ரவுண்டிலும் மருந்துக்கடைக்கு எதிரில் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார், லேஸே இல்லாத ஷூ வாங்கின பிறகும் அதே இடத்தில் குனிந்து கட்டுகிறார் என்றேன். பந்தயம் முடிகிற கோட்டுக்கு நூறு அடி முன்னால் நின்று, பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டு, போட்டோவுக்காகப் பாய்ந்து வருவார் என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உங்கள் மேலதிகாரி மேசையைத் தட்டினார். நீங்களே கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அதோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால் நான் இப்போது இந்தக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு சோபாவை முடித்திருப்பேன்.

என் வீட்டுக்காரி எழுந்தாள். பதினெட்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், பெருமை தாங்காமல் எழுந்தாள். "என் வீட்டுக்காரர் போதையில பேசறார்னு யாரும் நினைக்காதீங்க. அஞ்சு மாசமா ஒரு சொட்டு தொடல. இது ஜீரோ. வேணும்னா மோந்து பாருங்க. எல்லாம் எங்க அத்தான் போட்டுக் கொடுத்த வழி" என்றாள். உங்கள் மேலதிகாரி அரசாங்கப் பணியாகவே எடுத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து என் பாட்டிலை முகர்ந்தார். "ஆமா, ஒண்ணுமில்ல" என்று அறிக்கை கொடுத்தார். சிரித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் ஒவ்வொன்றாக மூடியது. அதுவரை உளறலாக இருந்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் சாட்சியாக மாறிவிட்டது. "அப்ப அந்த ஃபைல் விஷயம் நிஜமா?" என்று கேட்டார் மேலதிகாரி. நீங்கள் கையில் இருந்ததை மேசையில் வைத்தீர்கள். எழுந்தீர்கள். உங்களுக்குக் கொடுத்த பரிசுப் பெட்டியைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டீர்கள்.

மறுநாள் காலை பூங்காவில் காத்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், திரும்பி எதிர்ப்பக்கமாக ஓட ஆரம்பித்தீர்கள். சகலை, நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நீங்கள் அளவு எடுத்தே வாழ்ந்தவர். வட்டமான பாதையில் ஒருத்தன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று எதிர்த்திசையில் ஓடினால், ஒரு ரவுண்டுக்கு இரண்டு தடவை அவன் முகத்தில் விழிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? என் பின்னாலேயே ஓடிவந்திருந்தால் என் முதுகோடு போயிருக்கும். எட்டு ரவுண்டு, பதினாறு தடவை. ஒவ்வொரு தடவையும் நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். பதினாறாவது தடவை அப்படி வானத்தில் என்னதான் இருக்கிறது என்று நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. கீழே சிமென்ட் தொட்டி இருந்தது. இடது கணுக்கால் அங்கேதான் மடங்கியது. நீங்கள் நிற்கவில்லை. நாம் ஜோடியாகப் பெயர் கொடுத்திருக்கிற பந்தயத்தைச் சொன்னதும் கட்டுப்போட்ட டாக்டரம்மா, "பந்தயத்துக்குள்ள சரியாயிடும், ஆனா ரொம்ப வேகமா ஓடாதீங்க" என்றார். பாவம், அவர் நான் ஓடிப் பார்த்ததில்லை.

இதைச் சரிசெய்ய ஒரே வழி அன்று நான் குடித்திருந்ததாக ஆக்கிவிடுவதுதான் என்று எனக்குத் தோன்றியது. குடிகாரன் பேச்சானால் உங்களுக்கு மானம் திரும்பிவிடும் அல்லவா? நொண்டிக்கொண்டே அக்காவிடம் போய், "அக்கா, ஜீரோ பாட்டில்ல நிஜப் பீரை ஊத்திக் கொண்டுவந்திருந்தேன். சகலைகிட்ட சொல்லிடுங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அக்கா அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லவில்லை, தங்கச்சியிடம் சொன்னாள். நான் வீடு வந்து சேர்வதற்குள் ஃபிரிட்ஜில் இருந்த பன்னிரண்டு பாட்டிலும் திறந்து, முகர்ந்து, வரிசையாக மேசைமேல் நின்றுகொண்டிருந்தன. நுரை போன பன்னிரண்டு பாட்டில். "ஊரெல்லாம் பெருமை அடிச்சேனே. என்னை நிக்க வச்சு அசிங்கப்படுத்தத்தான் ஊத்தி வச்சீங்களா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பழக்கம், சமாளித்திருப்பேன். "குடிக்கலைன்னா இந்த டைல்ஸ் கோட்டு மேல நேரா நடந்து காட்டுங்க" என்றாள். கணுக்கால் வீங்கினவன் எந்தக் கோட்டில் நேராக நடப்பான்? மூன்றாவது டைல்ஸிலேயே தோற்றேன். அன்றிலிருந்து சோறு வருகிறது, சொல் வருவதில்லை.

கெட்டது தனியாக வருமா? கார் சீட்டுக்கு உறை தைக்கக் கொடுத்த வாத்தியார் கடைக்கு வந்தார். மதியம் இரண்டு மணி. நான் ஒரு கையில் வளைந்த ஊசி, ஒரு கையில் ஜீரோ பாட்டிலோடு நொண்டி நொண்டி எதிரில் வந்தேன். "பட்டப்பகல்லயேவா?" என்றார். இது ஜீரோ, பாருங்கள் என்று அவர் மூக்கடியில் நீட்டினேன். "எல்லாக் குடிகாரனும் இதத்தான் சொல்றான்" என்று பாதி தைத்த சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உண்மையாகக் குடித்துக்கொண்டிருந்த இருபது வருஷத்தில் ஒரு வாடிக்கைக்காரர்கூட என்னைக் குடிகாரன் என்று சொன்னதில்லை. இந்தப் பட்டம் வாங்குவதற்கு நான் குடியை விட வேண்டியிருந்தது.

ஆக, என் நிலைமை இதுதான். நான் குடித்திருந்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், என் வீட்டுக்காரி அழுவாள். குடிக்கவில்லை என்றால் அவள் சிரிப்பாள், நீங்கள் வானத்தைப் பார்ப்பீர்கள். ரொம்ப யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். நான் குடிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உங்களோடு ஓடுகிறேன், மிச்ச இருபத்துமூன்று மணி நேரம் அவள் வீட்டில் இருக்க வேண்டும். நேற்றே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இதையே எழுதி அத்தானுக்கு அனுப்புங்க, அப்புறம் நம்பறேன்" என்றாள். இந்தக் கடிதம் ஒரு வகையில் கோர்ட் உத்தரவு.

அதனால் சொன்னதை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் ஃபைல்கள் ஃபேன் காற்றில் நகர்ந்தன என்று சொன்னது தவறு. அந்த ஃபேன் ஓடி நான் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்கு எதிரில் நீங்கள் மூச்சு வாங்கத்தான் குனிகிறீர்கள் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன், கேட்டால் தரையில் ஏதோ தேடுகிறார் என்பேன். சீப்பு விஷயம் முழுப் பொய். வாருவதற்கு அங்கே ஏழெட்டு முடிதான் இருக்கிறது என்பதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். இதற்குமேல் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது சகலை. கேட்கக் கேட்கக் கூடிக்கொண்டே போகிறது.

ஒன்றை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன். அன்று உட்காருவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று சொன்னேன். சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. "இந்த மனுஷன் வந்து எழுப்பலைன்னா நான் இன்னும் அந்த மூலை மேசையிலதான் இருந்திருப்பேன். சீக்கிரமே அங்கயும் இருந்திருக்க மாட்டேன்" என்றேன். மற்றதெல்லாம் தெளிவான புத்தியோடு சொன்னது என்று கோபித்துக்கொள்கிறீர்களே, இதுவும் அதே தெளிவான புத்தியோடுதான் சொன்னேன். அதை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டால் எப்படி?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிறு ஜோடிப் பந்தயத்தில் நீங்கள் பத்து, நான் பத்து என்று பெயர் கொடுத்திருக்கிறோம். ஒருத்தர் வரவில்லை என்றால் இரண்டு பேரும் இல்லை. போனால் போகட்டும், பந்தயம் பெரிசில்லை. போன செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கடையை மூடினேன், ஆறு அஞ்சுக்குப் பார்த்தால் என் கால் அந்த பார் வாசலில் நிற்கிறது. நான் கூட்டிப்போகவில்லை, அதுவாகப் போயிருக்கிறது. உள்ளே போய் ஜீரோ இருக்கிறதா என்று கேட்டேன். "அதுக்கு ஏண்ணே இங்க வர்றீங்க?" என்றான் சர்வர். நியாயமான கேள்வி. வெல்டர் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒரு எலுமிச்சை சோடாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை எழுந்து வருவேனா என்று எனக்குத் தெரியாது. தனியாக ஓடத் தெரியாத ஆள் நான். என்னைத் திட்டிக்கொண்டாவது பக்கத்தில் ஓடுங்கள். அந்த எதிர்ப்பக்க ஓட்டம் மட்டும் வேண்டாம்.

உங்கள் முழங்கால் இரண்டும் நீடூழி வாழ வேண்டும், ஓய்வூதியம் தவறாமல் வர வேண்டும், அக்கா கைக் காபி என்றும் கசக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பெரியவர் காலைத் தொட்டு (ஓடும்போது அல்ல) வணங்கி விடைபெறும்,

தங்கள் சின்ன சகலை,
குஷன் கடை.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்தபோது அக்கா கடைக்கு வந்தாள். நீங்கள் இன்னும் கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். "கோபமா? அவருக்கு நீங்க பேசினது ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல தம்பி. ஆபீஸ் ஆளுங்க கடைசி நாள், கடைசி நாள்னு நாலு கிளாஸ் நிஜத்தையே ஊத்திக் கொடுத்துட்டாங்க. தங்கச்சி எழுந்து 'மோந்து பாருங்க'ன்னதும் தன்னைத்தான் சொல்றாள்னு பயந்து எழுந்து ஓடி வந்துட்டார். உங்களை ஓட வச்சு, குடிய நிறுத்த வச்ச மனுஷன், இப்ப உங்க மூஞ்சில முழிக்க வெட்கப்பட்டுக்கிட்டு எதிர்ப்பக்கமா ஓடறார். நீங்க என்ன பேசினீங்கன்னு தினம் என்னைக் கேக்கறார். நல்லதா நாலு வார்த்தை பேசினீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். ஆக, நீங்கள் பத்தொன்பது நாளாக நான் புகழ்ந்ததாக நினைத்துச் சந்தோஷமாக இருந்திருக்கிறீர்கள். ஃபேன், மருந்துக்கடை, சீப்பு எல்லாவற்றையும் மறந்துபோன மனுஷனுக்கு, ஒன்று விடாமல் என் கைப்பட எழுதி நானே நினைவுபடுத்தியிருக்கிறேன். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதை இரண்டாவது தடவை எழுத எனக்கு வராது. அதனால் முழுசாகவே கொண்டுவந்து உங்கள் கதவிடுக்கில் போட்டிருக்கிறேன். நாலு கிளாஸுக்கெல்லாம் ஒளியாதீர்கள், நான் நாலாயிரம் பார்த்தவன். இதைப் படிக்கும்போது நான் உங்கள் வாசலில்தான் நிற்கிறேன். ஷூவைப் போட்டுக்கொண்டு வாருங்கள். கணுக்கால் வலிக்கிறது, ரொம்ப நேரம் நிற்க வைக்க வேண்டாம்.